அலாஸ்கா கப்பல் பயணம்: கரையில் எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

அலாஸ்கா குரூஸ் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கப்பலைப் பற்றியே எழுதி முடித்துவிடுகிறார்கள். பால்கனி அறை எடுக்கலாமா, பஃபேயில் பருப்புச் சோறு கிடைக்குமா, வைஃபை எப்படி என்று. அதெல்லாம் எந்தக் கப்பலில் போனாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காசு கரைவது கரையில். டிக்கெட் விலையை ஆசை காட்டுகிற மாதிரி வைத்துவிட்டு, இறங்குகிற ஒவ்வொரு ஊரிலும் 'ஷோர் எக்ஸ்கர்ஷன்' (கரைச் சுற்றுலா) என்று ஆளுக்கு 80 டாலரில் ஆரம்பித்து 400, 500 வரை ஒரு நீண்ட பட்டியலை நீட்டுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் யோசிக்காமல் டிக் அடித்துக்கொண்டே போனால் கப்பல் டிக்கெட்டைவிட இதற்கு அதிகம் போய்விடும்.

நாங்கள் போனது சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்குகிற வழக்கமான ஒரு வாரப் பயணம். அலாஸ்காவில் ஜூனோ, ஸ்கேக்வே, கெட்சிகன், நடுவில் ஒரு நாள் கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடா, கடைசியில் கனடாவின் விக்டோரியா. கூடவே ஊரிலிருந்து வந்திருந்த அப்பா, அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பாவுக்கு எதிலும் ஒரு கேள்வி. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: விலையைப் பார்ப்பதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். 'நான்கு மணி நேரம்' என்று போட்டிருக்கும். அதில் துறையில் வரிசையில் நிற்பது, பஸ் ஏறுவது, போவது, வருவது, வழியில் ஒரு கடையில் நிறுத்துவது எல்லாம் சேர்த்தி. பார்க்கப்போகும் இடத்தில் உங்கள் கால் தரையில் படப்போவது எத்தனை நிமிடம்? சில சுற்றுலாக்களில் அது முக்கால் மணி நேரம்கூட இல்லை. விவரத்தை முழுசாகப் படித்தால் எங்காவது ஒரு வரியில் எழுதியிருப்பார்கள். எழுதவில்லை என்றால் கப்பலில் இருக்கும் எக்ஸ்கர்ஷன் மேசையில் போய் நேராகக் கேளுங்கள், சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்தது, கப்பல் வழியாக புக் செய்வதா, வெளியில் செய்வதா என்ற பழைய சண்டை. கப்பல் வழியாக வாங்கினால் விலை கூடத்தான். ஆனால் அவர்கள் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், வெளியில் வாங்கினால் காத்திருக்காது. கப்பல் அந்த ஊரில் நிற்காமலே போய்விட்டாலும் (காற்று, மூடுபனி என்று இது நடப்பதுண்டு) பணம் தானாகத் திரும்பி வரும். நான் வைத்துக்கொண்ட கணக்கு சுலபமானது. துறையிலிருந்து நடந்தே திரும்ப முடிகிற தூரம் என்றால் வெளியில் அல்லது சொந்தமாக. பஸ்ஸோ படகோ ஏறி வெகுதூரம் போக வேண்டும், அன்று கப்பல் சீக்கிரம் கிளம்புகிறது என்றால் கப்பல் வழியாக. இதில் ரொம்ப வீரம் காட்ட வேண்டியதில்லை. ஜூனோவுக்கு வெளியூரிலிருந்து சாலையே கிடையாது, மாநிலத் தலைநகரம் என்றாலும் விமானம் அல்லது படகுதான். கப்பலை விட்டால் அடுத்த ஊருக்கு டாக்ஸி பிடித்துத் துரத்த முடியாது.

சரி, ஜூனோ. இங்கே ஒரே ஒரு சுற்றுலாவுக்குத்தான் காசு செலவழிப்பீர்கள் என்றால் அது திமிங்கிலம் பார்ப்பதாக இருக்கட்டும். ஆளுக்கு 150 முதல் 200 டாலர் வரை ஆகும். துறையிலிருந்து பஸ்ஸில் ஆக் பே என்ற இடத்துக்குக் கூட்டிப் போய், அங்கிருந்து படகு. பஸ் போக வர நேரத்தைக் கழித்தாலும் தண்ணீரில் நிஜமாகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம், அந்த வகையில் நியாயமான வியாபாரம். குளிர்காலத்தை ஹவாய்ப் பக்கம் கழித்துவிட்டு வருகிற கூனல் முதுகுத் திமிங்கிலங்கள் இவை. அங்கே குட்டி போடுவதும் வளர்ப்பதும்தான், சாப்பாடு கிட்டத்தட்ட இல்லை. கோடை முழுக்க இந்தக் குளிர்ந்த தண்ணீரில் தின்று கொழுப்பதற்காகவே இவ்வளவு தூரம் நீந்தி வருகின்றன. அதனால் மே முதல் செப்டம்பர் வரை கண்ணில் படாமல் போவது அபூர்வம். பல கம்பெனிகள் 'பார்க்காவிட்டால் பணம் வாபஸ்' என்று சொல்வார்கள், முழுப் பணமா ஒரு பகுதியா என்று சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளுங்கள்.

படகைத் தேர்ந்தெடுப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். நூறு பேருக்கு மேல் ஏற்றுகிற பெரிய படகும் இருக்கிறது, ஆறு பேர் மட்டும் போகிற சின்னப் படகும் இருக்கிறது. சின்னதில் எல்லாருக்கும் ஜன்னல், கூட்டம் இல்லை, விலை இரட்டிப்பு. ஆனால் வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் நடுத்தரமான, உள்ளே ஹீட்டரும் கழிப்பறையும் உள்ள படகே மேல். எங்கள் படகில் மேல்தளம் திறந்தவெளி, கீழ்த்தளம் கதகதப்பு. அம்மா கீழே உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. எஞ்சினை நிறுத்தினார்கள். தண்ணீர் தட்டையாக, சாம்பல் நிறத்தில், எதுவுமே இல்லை. முதலில் வந்தது சத்தம்தான், பெரிய டயரில் காற்றை ஒரேயடியாகத் திறந்துவிட்டது போல 'புஸ்ஸ்' என்று. எல்லாரும் தப்பான பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம்தான் புகை மாதிரி நீராவி எழுந்தது, கறுப்பு முதுகு ஒன்று மெதுவாக உருண்டு போனது. அம்மா எப்போது மேலே ஏறி வந்தார் என்று தெரியவில்லை, சேலைக்கு மேல் போட்ட ஜாக்கெட்டோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்கிறார். காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது அதன் மூச்சு நாற்றம் வந்தது பாருங்கள், அழுகின மீனும் முட்டைக்கோசும் சேர்ந்த மாதிரி. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இவ்வளவு பெரிய உடம்பு, பல்லு விளக்காது போல" என்றார். அப்பா உடனே, "அதுக்குப் பல்லே கிடையாதாம், இப்பத்தானே அந்தப் பொண்ணு சொன்னா" என்றார். வழிகாட்டிப் பெண் சொன்னது உண்மைதான். பல்லுக்குப் பதில் மேல்தாடையில் சீப்பு மாதிரி தொங்குகிற தகடுகள், அதில்தான் தண்ணீரை வடிகட்டிச் சின்ன மீன்களை விழுங்குகிறது. வாலைத் தூக்கிக் காட்டி முங்கினால் ஆழமாகப் போகிறது என்று அர்த்தம், அடுத்து மேலே வர சில நிமிடம் ஆகும், அதற்குள் சூடாக ஒரு காபி குடித்துக்கொள்ளலாம். வால் அடியில் இருக்கும் கறுப்பு வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொன்றுக்கும் வேறு, நம் கைரேகை மாதிரி, அதை வைத்தே வழிகாட்டிகள் ஆள் அடையாளம் சொல்கிறார்கள். படகு 100 கஜத்துக்குள் போகக் கூடாது என்பது சட்டம். அதனால் போனில் எடுத்தால் புள்ளியாகத்தான் விழும். இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு போனைப் பையில் போட்டுவிடுங்கள்.

மெண்டன்ஹால் பனியாறும் ஜூனோதான். இதற்குத் தனியாகப் பெரிய சுற்றுலா எதுவும் வாங்க வேண்டாம். ஊரிலிருந்து சுமார் 20 கி.மீ., துறையிலிருந்தே போக வர ஷட்டில் பஸ் விடுகிறார்கள். திமிங்கிலப் படகோடு சேர்த்து 'காம்போ' என்று விற்பதை வாங்கலாமா என்றால், பனியாற்றில் கொடுக்கும் நேரம் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். காரணம், அங்கே நக்கெட் அருவி என்று ஒன்று இருக்கிறது, 377 அடி உயரம். பார்வையாளர் மையத்திலிருந்து போக ஒரு மைல், வர ஒரு மைல், பெரும்பாலும் மட்டமான பாதை. அதன் அடியில் போய் நின்று சாரல் வாங்காமல் மையத்தின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். மையத்தை 1962-ல் கட்டியபோது பனியாறு மிகப் பக்கத்தில் இருந்தது. இப்போது ஏரிக்கு அந்தப் பக்கம் பின்வாங்கிவிட்டது, உள்ளே மாட்டியிருக்கும் பழைய படங்களையும் ஜன்னலுக்கு வெளியே இருப்பதையும் மாறி மாறிப் பார்த்தால் மனசு என்னவோ செய்கிறது. ஜூலை நடுவில் ஆரம்பித்து பக்கத்து ஓடையில் சால்மன் ஏறும்போது கரடியும் வரும். அதனால் பாதைகளில் தண்ணீர் தவிர எதுவும் சாப்பிடக் கொண்டுபோகக் கூடாது. புளியோதரைப் பொட்டலத்தை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

துறைக்கு எதிரிலேயே ரோப் கார் ஒன்று 1,800 அடி மேலே ஏறுகிறது. வானம் தெளிவாக இருந்தால் ஏறலாம். மேகம் மலையில் பாதி வரை இறங்கியிருந்தால் காசு கொடுத்து மேகத்துக்குள் போய்த் திரும்புவீர்கள், அவ்வளவுதான். இதை முன்கூட்டியே வாங்கவே கூடாது, கப்பலிலிருந்து இறங்கி அண்ணாந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஹெலிகாப்டரில் பனியாற்றின் மேல் இறங்குவது, அங்கே நாய் வண்டி ஓட்டுவது என்று ஆசைப்படுகிறவர்களுக்கு: நன்றாக இருக்கும் என்றுதான் போனவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள், நாங்கள் விலையைப் பார்த்து விட்டுவிட்டோம். மூடுபனியால் ரத்தாவது சகஜம். ரத்தானால் அந்த நாளில் வேறு என்ன செய்வது என்று ஒரு மாற்றுத் திட்டம் கையில் இருக்கட்டும்.

ஸ்கேக்வேயில் ரயில். இதற்குக் கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுக்கலாம். ஒயிட் பாஸ் அண்ட் யூகான் ரூட் என்று பெயர், மூன்றடி அகலமே உள்ள குறுகிய பாதை. கடல் மட்டத்தில் கிளம்பி 20 மைலில் 2,865 அடி உயரத்துக்கு ஏறிவிடுகிறது. அப்பாவின் முதல் கேள்வி, "ஊட்டி ரயில் மாதிரி பல்சக்கரமா?" இல்லை. சரிவு அதிகபட்சம் 3.9 சதவீதம்தான் என்பதால் சாதாரணச் சக்கரத்திலேயே ஏறிவிடுகிறது, நம் ஊட்டி மலையின் செங்குத்து இதற்கு இல்லை. ஆனால் இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் அதலபாதாளம் என்கிற பயம் அப்படியே இருக்கிறது, மரத் தாங்கிகள் மேல் நிற்கிற பாலத்தைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும் இடத்தில் பெட்டி முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது.

இந்த ரயிலின் கதையே பாதி சுவாரசியம். 1897-98-ல் கனடாவின் யூகான் பகுதியில் இருக்கும் கிளாண்டைக்கில் தங்கம் என்று கேள்விப்பட்டு உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் இங்கே வந்து இறங்கினார்கள். ஒரு வருஷத்துக்கான சாமான், ஏறக்குறைய ஒரு டன், கையில் இல்லாதவனைக் கனடா போலீஸ் எல்லையைத் தாண்ட விடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஒரே மலையைப் பலமுறை ஏறி இறங்கியிருக்கிறார்கள். பாரம் தாங்காமல் விழுந்து செத்த குதிரைகள் மட்டும் மூவாயிரம் இருக்கும் என்கிறார்கள், அந்தப் பள்ளத்துக்கே செத்த குதிரைப் பள்ளம் என்றுதான் பெயர். இந்தக் கஷ்டத்தைப் போக்க 1898-ல் ரயில் பாதை போட ஆரம்பித்து 1900-ல் முடித்தபோது தங்க வேட்டையே அடங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே அந்தப் பழைய ஒற்றையடிப் பாதை இன்னும் கோடு மாதிரி தெரிகிறது, எங்கே என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள், உடனே பார்க்காவிட்டால் போய்விடும்.

உட்காரும் இடம் பற்றி ஒன்று. ஏறும்போது இடப்பக்கம்தான் காட்சி. வலப்பக்கம் கிடைத்தால் சண்டை போட வேண்டாம். உச்சியில் எஞ்சினை மறுமுனைக்கு மாற்றுவார்கள், அப்போது எல்லாரும் எழுந்து சீட்டின் முதுகுப் பலகையைப் பிடித்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு எதிர் வரிசையோடு இடம் மாறிக்கொள்வது அங்கே வழக்கம். பெட்டியின் முனையில் திறந்த நடைமேடை இருக்கிறது, சின்னவர்கள் அங்கேயே நின்றுகொண்டு வரலாம். காதில் காற்று அடிக்கும், குல்லாய் அவசியம். போக வர மூன்று மணி நேரத்துக்குள், கீழே இறங்க வேண்டிய வேலையே இல்லை, முழங்கால்காரர்களுக்கு இதைவிடத் தோதான சுற்றுலா இந்தப் பாதையில் கிடையாது. கப்பல் வழியாக வாங்கினால் ரயில் துறைக்கே வந்து நிற்கும் என்பதால் இதில் மட்டும் கூடுதல் விலை எனக்கு உறுத்தவில்லை.

ரயிலுக்குப் பதில் பஸ்ஸில் அதே மலையைத் தாண்டி யூகானுக்குள் போகிற சுற்றுலாவும் இருக்கிறது. நிறுத்தி நிறுத்திப் படம் எடுக்கலாம், மரகத ஏரி வரை போகலாம் என்று அதையே பெரிதாகச் சொல்பவர்கள் உண்டு. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கனடா விசா வேண்டும். இன்னொன்று, யூகானில் மணி அலாஸ்காவைவிட ஒரு மணி நேரம் முந்தி. எல்லை தாண்டியதும் போன் தானாக மாறிக்கொள்ளும். கப்பல் நேரத்தைக் காட்டுகிற பழைய கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் குழப்பமே வராது.

கெட்சிகனில்தான் வயிறு எரிந்தது. 'நகரும் டோட்டம் கம்பங்களும்' (பழங்குடி மக்கள் உருவங்கள் செதுக்கி நட்ட மரக் கம்பங்கள்) என்கிற வகையில் ஒரு பஸ் சுற்றுலா, யாரிடம் வாங்கினோம் என்பதை விடுங்கள். இரண்டரை மணி நேரத்தில் டோட்டம் கம்பங்களுக்குக் கிடைத்தது அரை மணி நேரம். மீதியில் ஒரு கடை, பாலத்தின் மேலிருந்து ஒரு படம், ஓட்டுநரின் சொந்தக் கதை, அப்புறம் இன்னொரு கடை. இரண்டாவது கடையில் சால்மன் டப்பா விற்கிறார்கள், பஸ் கதவு மூடியிருக்கிறது, வெளியே மழை. சைவக்காரரான அப்பா அந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து விலை படித்துக்கொண்டிருந்தார், வேறு என்ன செய்வார். நல்ல கோபம் வந்தது. ஏனென்றால் அந்தக் கம்பங்கள் அரை மணி நேரத்தில் பார்க்கிற சமாசாரமே இல்லை.

ஊருக்குத் தெற்கே மூன்று மைலில் சாக்ஸ்மன் என்ற டிலிங்கிட் பழங்குடி மக்களின் கிராமம். ஊர் பஸ்ஸே போகிறது, சின்ன நுழைவுக் கட்டணம்தான். ஆள் இல்லாமல் போன பழைய கிராமங்களிலிருந்து 1930-களில் கொண்டுவந்தவையும், அவற்றைப் பார்த்துப் புதிதாகச் செதுக்கியவையும் அங்கே நிற்கின்றன. அதில் ஒன்றை மட்டும் தேடிப் பிடியுங்கள். 1867-ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்கிய அமெரிக்க அமைச்சர் சீவர்டின் உருவம் அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது. கௌரவம் என்று நினைத்துவிடாதீர்கள். சீவர்ட் அலாஸ்காவுக்கு வந்தபோது டிலிங்கிட் தலைவர் ஒருவர் அவருக்குப் பெரிய விருந்து வைத்துப் பரிசெல்லாம் கொடுத்திருக்கிறார். இவர்கள் வழக்கப்படி அதற்குப் பதில் மரியாதை செய்ய வேண்டும். அவர் செய்யவே இல்லை. அதற்காக மூக்கிலும் காதிலும் சிவப்பு பூசி, நன்றி கெட்டவன் என்று ஊரறியக் காட்ட நட்ட கம்பம் அது. பழசு உளுத்துப்போனதும் விடாமல் புதிதாகவும் செதுக்கி வைத்திருக்கிறார்கள்! மொய் நோட்டு வைத்து வளர்ந்த அம்மாவுக்கு இது சட்டென்று பிடிபட்டுவிட்டது. "செய்முறை செய்யாம போனா சும்மா விடுவாங்களா" என்றார்.

எனவே கெட்சிகனில் நகரச் சுற்றுலா எதையும் வாங்காதீர்கள். சாக்ஸ்மனுக்கு ஊர் பஸ்ஸில் போய்விட்டு, திரும்பி வந்து ஓடைக்கு மேல் மரக்கால்களில் நிற்கும் கிரீக் ஸ்ட்ரீட்டில் நடங்கள். 1950-கள் வரை அது விலைமாதர் தெருவாக இருந்தது, இப்போது முழுக்கக் கடைகள். ஜூலை கடைசி, ஆகஸ்டில் போனால் அந்த ஓடையில் சால்மன் நீரோட்டத்தை எதிர்த்து முட்டி மோதி ஏறுவதை இலவசமாகவே பார்க்கலாம், நாங்கள் பாலத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டோம். சில கப்பல்கள் ஊருக்குள் வராமல் ஏழு மைல் தள்ளி வார்டு கோவ் என்ற இடத்தில் கட்டுகின்றன. அங்கிருந்து ஷட்டில் பஸ்ஸில் ஊருக்கு வர வேண்டும். உங்கள் கப்பல் எங்கே நிற்கும் என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள், கையில் இருக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் அதற்கே போகும். மழையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வருஷத்துக்கு ஏறக்குறைய 3,800 மில்லிமீட்டர், சென்னையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். குடை காற்றில் நிற்காது. நல்ல ரெயின் கோட், உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்குள் காயாது.

கிளேசியர் பே நாளில் இறங்கவே மாட்டீர்கள், எந்தச் செலவும் இல்லை. பெரிய குரூஸ் கப்பல்கள் நாளைக்கு இரண்டுதான் உள்ளே அனுமதி, அதனால் கூட்டம் கிடையாது. தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் கப்பலுக்கே ஏறி வந்து ஒலிபெருக்கியில் விளக்குகிறார்கள். உண்மையைச் சொன்னால் காசு கொடுத்து வாங்கிய பாதிச் சுற்றுலாக்களைவிட இது மேல். மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்று மெதுவாகச் சுற்றும், எந்தப் பக்கத்து அறையானாலும் முறை வரும்.

விக்டோரியாவுக்குக் கப்பல் வருவது பெரும்பாலும் சாயங்காலம் அல்லது ராத்திரி. சியாட்டிலில் கிளம்பித் திரும்புகிற வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல் இடையில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும் என்று 1886-ல் போட்ட அமெரிக்கச் சட்டம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்த நிறுத்தமே. இந்த ஊர் அலாஸ்காவை முடித்துவிட்டுக் களைத்துப்போய் இறங்குகிற இடம். புட்சார்ட் தோட்டத்துக்கு என்று இங்கே விற்கிற சுற்றுலாவில் பஸ்ஸிலேயே நேரம் ஓடிவிடும், இருட்டில் பூவைப் பார்க்க அவ்வளவு தூரம் போவானேன். துறையிலிருந்து உள் துறைமுகம் வரை காலாற நடந்தால் அரை மணி நேரம், விளக்கு மாலை போட்ட சட்டமன்றக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். அந்த நடைக்கும்கூட முதலில் பார்க்க வேண்டியது விசாதான். எச்1பியில் இருக்கும் நம் ஆட்கள், இந்திய பாஸ்போர்ட்டில் வந்திருக்கும் பெற்றோர் எல்லாருக்கும் கனடா விசிட்டர் விசா வேண்டும், அமெரிக்க விசாவும் மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும். விக்டோரியாவில் இறங்காமல் அறையிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொன்னால் எடுபடாது, சியாட்டில் செக்-இன் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கனடா விசாவுக்குச் சில சமயம் மாதக்கணக்கில் ஆகிறது, ஆகவே கப்பலை புக் செய்த கையோடு அதைப் போட்டுவிடுங்கள்.